ரப்பர் காட்டுப் போர்க்கப்பல்

ஜொகூரில் கப்பல் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். தண்ணீரே இல்லாமல் ஓட்டியவர் எங்கள் கப்பித்தான் ஒருவர்தான்.

அவர் என் தாய்மாமன் என்பதை அப்போதெல்லாம் நான் வெளியில் சொன்னதில்லை. ரெங்கம் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவில் குசினிக்காரராக இருந்தார். ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடினார். பங்களாவிலிருந்து மாமா தூக்கி வந்தது ஒரே ஒரு பொருள்தான்: பழைய பாய்மரப் போர்க்கப்பல்களைப் பற்றிய ஆங்கிலப் படப் புத்தகம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். படிக்கத் தெரியாத மாமாவுக்கு, நிமிர்ந்து உட்கார்ந்து அத்தனையையும் தமிழில் சொன்னேன். வானை முட்டும் பாய்மரங்கள், அடுக்கடுக்காகப் பீரங்கிகள், தூளி கட்டித் தூங்கும் மாலுமிகள், வண்டு விழுந்த பிஸ்கோத்து. அதை மேசையில் தட்டி, வண்டை உதிர்த்துவிட்டுத்தான் தின்பார்களாம்.

வாசித்தது நான். பைத்தியம் பிடித்தது அவருக்கு.

மறுநாளே நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் சாக்குத் தூளிகள் தொங்கின. அம்மா ஒரு பக்கம் ஏறிய வேகத்தில் மறுபக்கம் விழுந்தாள். விடிந்ததும் பிள்ளைகளை மண்டியிட வைத்து, கல்லும் தண்ணீருமாக வாசல் சிமெண்டைத் தேய்க்கவிட்டார். "கப்பல் தளம்டா, மூஞ்சி தெரியணும்." மரவள்ளிக்கிழங்கைக்கூட இரண்டு தட்டுத் தட்டாமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது.

"வெந்த கிழங்குல ஏது மாமா வண்டு?"

"பழகிக்க புள்ள. கப்பல்ல கேள்வி கேக்கக் கூடாது லா."

லயமே அவரைக் கப்பித்தான் என்றது. நான் மட்டும் மாட்டேன். நானோ தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. ரோட்டில் என்னைக் கண்டால் விறைத்து நின்று சலாம் வைப்பார். வெட்கத்தில் குடையைத் தாழ்த்திக்கொண்டு நடப்பேன்.

ஒரு நாள் ஜப்பானிய அதிகாரி பள்ளியைப் பார்க்க வந்தார். அவர் தலையாட்டினால்தான் என் வேலை நிலைக்கும். அந்த வேலைக்குக் கிடைத்த அரிசியில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. பிள்ளைகள் அழகாகக் குனிந்து வணங்கினார்கள். மகிழ்ந்துபோனவர் தன் கையாலேயே ஆளுக்கொரு பிஸ்கோத்து கொடுத்தார்.

டக், டக்.

முழு வகுப்பும் ஒரே தாளத்தில் பலகையில் தட்டியது. அதிகாரியின் சிரிப்பு நின்றது.

"என்னம்மா, குடுத்த சாப்பாட்டை அவமதிக்கிறீங்களா? நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்றார் கூட வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

சன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாமா உள்ளே வந்து சலாம் வைத்தார். "அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, வெவரம் பத்தாத புள்ள. நான்தான் கப்பித்தான். வண்டு இருக்கும், தட்டுங்கடான்னது நான்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் பளீரென்று அறை விழுந்தது. சலாம் வைத்த கை மட்டும் இறங்கவே இல்லை. அதிகாரி வண்டியேறிப் போனார். படித்தவள் என்று நிமிர்ந்து நடந்த என் வேலையை, விவரம் பத்தாதவள் என்ற பட்டம்தான் காப்பாற்றியது.

சாயங்காலம், வீங்கிய கன்னத்தோடு மாமா புத்தகத்தை நீட்டினார்.

"ஆளுங்க மேல வர்ற அடிய கப்பித்தான்தான் வாங்கிக்கணும். இதுல எழுதியிருக்கும்ல? பாத்துச் சொல்லு."

கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை.

"எழுதியிருக்கு, கப்பித்தான்" என்றேன்.