அறுபத்துமூன்று ஆம்பியர் நிம்மதி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியான சாதனை, அந்தத் தொழிற்சாலையின் 'நிற்காமை இயக்கம்'தான். எந்த இயந்திரமும் நிற்கக் கூடாது, அவ்வளவே கொள்கை. நின்றால் சுவர்ப் பலகையில் சிவப்புப் புள்ளி விழும். மேலாளருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

புதிதாக வந்த ரோபோ கை ஒரே வாரத்தில் பதினொரு புள்ளி வாங்கித் தந்தது. பெட்டிகளை அடுக்க அதன் ஆறு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பினால், ஒயரைக் காக்கும் பிரேக்கர் ட்ரிப் ஆகி 'டக்'கென்று விழுந்துவிடும். ஒயர்மேன் அக்கா வந்தாள். பெண்தான், பதவியின் பெயரை மாற்ற அமைத்த குழு இன்னும் கூடவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. அந்தக் கைக்கு இரண்டடி தள்ளித்தான் அவள் தங்கை பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

உயர்மட்டக் கூட்டம் கூடியது.

"சார், ஒயரோட தடிமன் ஒன்றரை ஸ்கொயர்தான். பதினாறு ஆம்பியர் பிரேக்கர் விழுறது நியாயம். நாலு ஸ்கொயர் ஒயர் இழுத்துட்டு, அப்புறம் இருபத்தஞ்சு போடலாம்" என்றாள்.

"நாலா? கை குண்டாத் தெரியுமே!" என்று பதறினார் விளம்பர அதிகாரி. "போட்டோவுக்கு ஒல்லியா இருந்தாத்தான் எடுப்பு."

"விழுறது பிரேக்கர்தானே? ஒயரா விழுது?" என்றார் மேலாளர், தாம் ஏன் மேலாளர் ஆனோம் என்பது எல்லோருக்கும் விளங்கும்படி. "இருக்கறதுலயே பெருசு எது?"

"அறுபத்துமூணு. அது விழாது சார், ஒயர்தான் எரியும்."

"பாத்தீங்களா, விழாதுன்னு அவங்களே சொல்றாங்க!"

தீர்மானம் கரவொலியுடன் நிறைவேறி, அறுபத்துமூன்று ஆம்பியர் பிரேக்கர் ஏறியது.

அக்கா விடவில்லை. ஒயர் எரியும், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். நிர்வாகம் அதை அலட்சியம் செய்ததாக யாரும் நாக்கில் நரம்பில்லாமல் பேசக் கூடாது. ஆண்டின் 'சிறந்த ஆலோசனை' என்று அறிவித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். சுவரில் தோதான இடம், உள்ளே பதித்திருந்த மெயின் சுவிட்சை மூடும்படிதான் இருந்தது.

அவள் கழற்றி வைத்தாள். "உங்க மரியாதையை நீங்களே இறக்கலாமாம்மா?" என்று மேலாளர் உருகி, நாலு மூலையிலும் திருகாணி போடச் சொன்னார்.

நாற்பது நாள் ஒரு புள்ளி விழவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் காலை, பிரேக்கர் கொள்கை மாறாமல் விழாதிருக்க, ஒயர் பற்றிக்கொண்டது. நிற்காமை இயக்கத்தின் உண்மைத் தொண்டனாக, ரோபோ எரியும் பெட்டியைத் தங்கையின் மேஜைமேல் வைத்தது.

"அக்கா!"

அக்கா ஓடினாள். கண்ணாடியை முழங்கையால் உடைத்து, தன் கடிதத்தையே கிழித்து, உள்ளே கைவிட்டு மெயினை இறக்கினாள். அதற்குள் தங்கையின் இடது கையில் தோல் வழன்றுவிட்டது.

விசாரணைக் குழு கேட்டது: "முன்னாடியே யாராவது எச்சரிச்சாங்களா?"

"எச்சரிச்சாங்களாவா? நாங்க பரிசே குடுத்தோம் சார்!" என்றார் மேலாளர்.

குழு மெச்சிக்கொண்டது. கண்ட குற்றம் ஒன்றே ஒன்று: பரிசுச் சட்டம் உடைந்தது. விளக்கம் கேட்டு அக்காவுக்கு மெமோ வந்தது.

"உடைத்தது நான்தான்" என்று எழுதினாள். "உள்ளே இருந்ததை ஒருவராவது படித்திருந்தால் உடைக்க வேண்டி வந்திருக்காது."

நிர்வாகம் நெகிழ்ந்துபோனது. அந்த விளக்கத்துக்கும் சட்டம் போட்டு அதே இடத்தில் திருகியது. இம்முறை கண்ணாடி இரண்டு மடங்கு தடிமன். புது ரோபோவுக்கு இழுத்த ஒயர் அதே ஒன்றரை.