அரைவண்டியார் வாழும் பிரதேசங்கள்

மனிதர்களில் வகையறாக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பெயர் என்ன என்று கேட்டால் பெயரோடு நிறுத்த மாட்டார், பூர்வீகத்தில் ஆரம்பிப்பார். நம் ஊரில் அநேகமாக எல்லாக் குடும்பத்துக்கும் வீட்டுப் பெயர் என்று ஏதோ ஒன்று இருக்கிறது. நாமெல்லாம் அதைக் கல்யாணப் பத்திரிகையின் மூலையில் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். வகையறாக்காரர் மறப்பதில்லை. அதிலும் அந்தப் பெயர் அக்கம்பக்கத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெயராக அமைந்துவிட்டதோ, தொலைந்தோம்.

நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். கடலூரில் ஷேர் ஆட்டோவில் உங்கள் முழங்காலும் அவர் முழங்காலும் இடிபட உட்கார்ந்து, எந்த ஊர் என்று கேட்பார். சொன்னால், அது இருக்கும் ஊர், சொந்த ஊர் எது என்பார். அதையும் சொன்னால், அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தீர்கள் என்பார். அதற்கு முன்னால் அம்மா வயிற்றிலிருந்து வந்தோம் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? வராது. அவர் தம் ஊர், தம் பாட்டன், பாட்டனுக்கு ராஜா கொடுத்த பட்டம் என்று தொடங்கியிருப்பார். நீங்கள் இறங்க வேண்டிய இடம் போய் இரண்டு நிறுத்தம் ஆகியிருக்கும்.

மற்ற ஜனங்கள் ஓர் இனிஷியலோடு காலம் தள்ளுகிறார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வந்தால் திருதிருவென்று விழித்து, அப்பா பெயரைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். வகையறாக்காரருக்கோ அந்தக் கட்டத்தைக் கண்டதும் கண் கலங்கிவிடும். கடைசியில் ஒரு சர்க்காராவது தம்மைக் கேட்டதே என்று.

உதாரணத்துக்கு மஞ்சக்குப்பம் பழனிவேலை எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. ஓய்வு பெற்ற முதல் வாரத்திலேயே பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏறியவர், தம் அப்பாவின் கல்யாணப் பத்திரிகையோடு இறங்கினார். அதில் ‘காடாம்புலியூர் அரைவண்டியார் வகையறா’ என்று அச்சடித்திருந்தது. பரண் இன்றுவரை அப்படியே கிடக்கிறது.

அரைவண்டியார்! இப்படி ஒரு பெயரை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? அவரும் கேள்விப்பட்டதில்லை. அதுதான் அவருடைய பெருமை. கூடத்துச் சுவரில் மாவட்ட வரைபடம் ஒன்றை மாட்டினார். எங்கெல்லாம் அரைவண்டியார் குடும்பம் இருப்பதாகத் தகவல் வந்ததோ அங்கெல்லாம் மனைவி அமிர்தத்தின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினார். உறுதியானவை சிவப்பு, சந்தேகத்துக்கு உரியவை மெரூன். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித்தோப்புகளின் நடுவில் அம்மை போட்டதுபோல் இருபத்தெட்டுப் பொட்டு விழுந்தது. அப்புறம் வடலூரில் ஒன்று, குறிஞ்சிப்பாடியில் ஒன்று, சேத்தியாத்தோப்பில் ஒன்று, ஆக முப்பத்தொன்று. கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் அட்டை தீர்ந்துபோய், அமிர்தம் சேத்தியாத்தோப்பைப் பெயர்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு போன நாளும் உண்டு.

ஆராய்ச்சி என்றால் முடிவு வேண்டாமா? அது அவரிடம் முதல் நாளே தயாராக இருந்தது. சோழ ராஜா ஒருவர் சிதம்பரத்தில் தேர் பார்க்க வந்தாராம். தேர் சேற்றில் இறங்கிவிட்டதாம். ஊரே ஒரு பக்கம் தோள் கொடுக்க, மறுபக்கம் முழுவதையும் பழனிவேலின் முன்னோர் தனி ஆளாகத் தூக்கினாராம். பாதித் தேரைத் தூக்கியவனே, இன்று முதல் நீ அரைவண்டியான் என்றாராம் ராஜா. எந்த ராஜா என்று கேட்டால் பழனிவேல் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். மாதம் ஒருமுறை டார்ச் லைட்டோடு சிதம்பரத்துக்குப் போய், கோயில் மதில் கல்வெட்டுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். அந்தக் காலத்து எழுத்து அவருக்குப் படிக்க வராது. வராததனால் எந்த வரியையும் ஒதுக்கவும் முடியவில்லை. எதில் வேண்டுமானாலும் அரைவண்டியார் இருக்கலாம் அல்லவா?

“கல்வெட்டு இருக்குது சார்” என்பார். “இன்னும் ஆப்டல, அவ்ளோதான்.”

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நம் ஊரில் வெறும் பெயர்ப் பொருத்தம் என்று ஒன்று கிடையாது. ஒரே வகையறா என்றால் பங்காளி. பங்காளி என்றால் சாவுக்குப் பதினாறு நாள் தீட்டு. முப்பத்தொரு குடும்பத்தைக் கண்டுபிடித்தவர் முப்பத்தொரு குடும்பத்துக் கிழவர்களையும் சேர்த்துத்தானே கண்டுபிடித்தார்? முகம் தெரியாத ஒருவர் குறிஞ்சிப்பாடியில் கண்ணை மூட, மஞ்சக்குப்பத்தில் தீபாவளி நின்றது. அடுத்த பொங்கலுக்குக் காடாம்புலியூரில் ஒருவர் போனார். அதற்கடுத்த தீபாவளிக்கு வடலூர். அமிர்தத்தின் புதுப்புடவை பெட்டியிலேயே மடிப்பு விட ஆரம்பித்தது. நாலு வருஷம் முன்னால் இவர்கள் செத்திருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காதே என்று அவர் ஒருநாள் கேட்டதற்கு, அதுதான் ஆராய்ச்சியின் பயன் என்று பதில் வந்தது.

இந்த நிலையில்தான் மகள் கயல்விழிக்கு இடம் கூடி வந்தது. கயல்விழி கடலூர் கோர்ட்டில் வக்கீல். வந்த நாலு வரன்களை ஒரே கேள்வியில் திருப்பி அனுப்பியவள். ஐந்தாவதாக வந்தவன் இளவரசு, சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கீரப்பாளையத்துக்காரன், மாட்டு டாக்டர். பெண் பார்க்க வந்த இடத்தில் கைபேசி அடிக்க, கன்று போட முடியாமல் தவிக்கும் ஒரு மாட்டுக்காகக் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான். மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டான். கயல்விழிக்குப் பிடித்துப்போயிற்று. ரொம்பவே பிடித்துப்போயிற்று. பூ வைத்தார்கள், மண்டபம் பேசினார்கள், பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

பத்திரிகை என்றதும் பழனிவேல் சும்மா இருப்பாரா? நம் பக்கம் அரைவண்டியார் வகையறா என்று போடும்போது, அவர்கள் பக்கம் மொட்டையாக விட்டால் நன்றாக இருக்காது என்று கீரப்பாளையத்துக்குப் போன் போட்டார். தாய் தகப்பன் இல்லாத இளவரசுவுக்கு அத்தை சௌந்தரம்தான் எல்லாம். அந்த அம்மாள், அதெல்லாம் யார் போடுகிறார்கள் என்று முதலில் தட்டிக் கழித்தார். இவர் விடவில்லை.

“அந்தக் காலத்துல எங்கள அரைவண்டி வூடுன்னு சொல்லுவாங்க. இப்ப யாரு சொல்றாங்க” என்றார் சௌந்தரம்.

பழனிவேல் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நாலு வருஷமாகச் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரைவண்டியாரைத் தேடி, ஒரு மெரூன் பொட்டுக்குக்கூட வழியில்லாமல் தவித்தவர் அவர். காடாம்புலியூரில் புறப்பட்ட வகையறா சோழ ராஜாவின் தேர் வரைக்கும் போய்ச் சேர்ந்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? போனை வைத்ததும் வைக்காததுமாகக் கீரப்பாளையத்தில் சிவப்புப் பொட்டை ஒட்டினார். சமையலறையிலிருந்து அமிர்தத்தைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார்.

“பாத்தியா? அவுங்களும் அரைவண்டியாராம். நம்ம பங்காளி அவுங்க.”

அமிர்தம் பொட்டைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

“பத்திரிக அடிக்கிற நேரத்துல மாப்புளய புள்ளயாக்கிட்டு வந்து நிக்கிறீங்களே, இன்னா மனுசங்க நீங்க?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பங்காளி வீட்டுப் பிள்ளை பெண்ணுக்கு அண்ணன் முறை. கல்யாணம் நடக்காது. வேறு யாராவது சொல்லியிருந்தால் மழுப்பியிருக்கலாம். பொட்டு வைத்து நிரூபித்தவரே அவர்.

அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டைப் பற்றி என்ன சொல்ல? கீரப்பாளையத்திலிருந்து, அண்ணன் தங்கைக்கு முடிச்சுப் போட்ட பாவம் எங்களுக்கு வேண்டாம் என்று சௌந்தரம் சொல்லி அனுப்பிவிட்டார். அமிர்தம் புருஷனிடம் பேசுவதை நிறுத்திவிட்டுச் சுவரில் இருந்த மாவட்டத்திடம் பேசத் தொடங்கினார். கயல்விழி வீங்கின கண்களோடு கோர்ட்டுக்குப் போய் வந்தாள். பழனிவேலுக்கும் மகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. பாசமுள்ள தகப்பன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆறுதல் சொல்கிறேன் என்று, இளவரசு நல்ல பிள்ளை, இனிமேல் கூடப் பிறந்தவனாக நினைத்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அழுது முடித்ததும் வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா சொல்வதற்கு ஆதாரம் எங்கே என்ற கேள்வி அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. அந்த வீட்டில் நாலு வருஷமாக யாருக்கும் தோன்றாத கேள்வி. உங்கள் நிலத்து மூலப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள் என்று இளவரசுவுக்குச் செய்தி அனுப்பினாள். அவன் அத்தையின் பீரோவைக் குடைந்து, பூச்சி அரித்த ஒரு கட்டில் கடைசியாக இருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே நேரில் வந்துவிட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் எழுதிய பத்திரம். கயல்விழி எல்லோர் முன்னாலும் வாசித்தாள். இளவரசுவின் முன்னோரான கீரப்பாளையம் வீராசாமி, காடாம்புலியூரில் இருக்கும் தம் தங்கை தில்லையம்மாளின் புருஷன் சின்னத்தம்பியோடு எழுதிக்கொண்டது. இருவரும் சேர்ந்து வாங்கிய கட்டைவண்டி ஒன்றில் ஆளுக்குப் பாதி பாத்தியம். புரட்டாசி முதல் மாசி வரை வண்டி கீரப்பாளையத்தில் நெல் ஏற்றும். பங்குனி முதல் ஆவணி வரை காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டையும் பலாப்பழமும் ஏற்றும். அச்சு முறிந்தால் செலவு சரிபாதி. ஊர் இருவருக்கும் அரைவண்டி என்றே பெயர் வைத்துவிட்டதாகப் பத்திரத்திலேயே இருந்தது: ‘அரைவண்டி வீராசாமி, அரைவண்டி சின்னத்தம்பி.’

பழனிவேலின் வம்சவிருட்சத்தில் உச்சியில் உட்கார்ந்திருந்தவர் இந்தச் சின்னத்தம்பிதான். கொள்ளுத்தாத்தா. தேர் தூக்கியவருக்கும் சின்னத்தம்பிக்கும் நடுவில் ஏழெட்டுப் பேர்தான் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விருட்சத்தில் ஒரு விசேஷம். அதில் பெண்களே கிடையாது. முப்பத்தொரு குடும்பத்தையும் ஆண்களே பெற்று, ஆண்களே பால் கொடுத்து வளர்த்திருந்தார்கள். சின்னத்தம்பியின் பெண்சாதி எந்த ஊர் என்று ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால், கீரப்பாளையம் தானாக வந்து கதவைத் தட்டியிருக்கும். கேட்கவில்லை. வடலூரும் குறிஞ்சிப்பாடியும் சேத்தியாத்தோப்பும் சோழ ராஜாவின் தேர் தூக்க முன்னோர் போன வழியல்ல. வருஷத்துக்கு இரண்டு தரம் வண்டி போய் வந்த வழி. வழியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய இடத்திலெல்லாம் ஒரு பிள்ளை தங்கிப் பெண் எடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

“பத்திரம் போலியா இருந்தா?” என்றார் பழனிவேல், ஈனக்குரலில்.

“இருக்கலாம்ப்பா” என்றாள் கயல்விழி. “ராஜா குடுத்த பட்டம்னா இவரு எனக்கு அண்ணன். பாதி வண்டின்னா எங்க மாமன் வூட்டுப் புள்ள, மொறை மாமா. நீங்களே சொல்லுங்க. நான் இவர இன்னான்னு கூப்புடறது?”

பழனிவேல் சுவரைப் பார்த்தார். ஒரு பக்கம் ஆயிரம் வருஷம், தேர், ராஜா, கல்வெட்டு. மறுபக்கம் பலாப்பழம் ஏற்றிய ஒரு கட்டைவண்டி, அதுவும் பாதி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது: மனிதர் யோசித்தார். மகள் கண் முன்னால் நிற்க, அரை நிமிஷம் யோசித்தார். பிறகு அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். மூன்று வாரத்தில் எவ்வளவு இளைத்துப்போயிருந்தாள் என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

“வண்டிதாம்மா” என்றார். “கட்டவண்டிதான். எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும்.”

இளவரசு சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டான். அமிர்தம் மூன்று வாரத்துக்குப் பிறகு புருஷனைப் பார்த்து, காபி குடிக்கிறீங்களா என்று கேட்டார். சௌந்தரத்துக்குப் போன் போனது. கல்யாணம் வைகாசியில் நன்றாகவே நடந்தது. பத்திரிகையில் இரண்டு பக்கமும் அரைவண்டியார் வகையறா என்று போட்டிருந்ததைப் பார்த்து வந்தவர்கள் முணுமுணுக்க, பழனிவேல் பந்திக்குப் பந்தி போய்ப் பத்திரத்தின் நகலைக் காட்டினார்.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? வகையறாக்காரர் திருந்துவது உண்டா? போன வாரம் பார்த்தபோது, அந்தக் கட்டைவண்டி சாதாரண வண்டியாக இருக்க முடியாது, ஏதோ அரண்மனையில் கழித்த வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று என்னிடமே ஆரம்பித்தார். எனக்கு வேலை இருந்தது, வந்துவிட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுவில் ஓரிடத்தில், நம் வீட்டுப் பெயருக்கு இதைவிட நல்ல கதை இருக்கிறதே, அதுவும் நிஜமான கதை என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? கொள்ளுத்தாத்தா பெயர் நமக்குத் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டீர்களா இல்லையா? சந்தோஷம். கொள்ளுப்பாட்டி பெயர் என்ன?