பஸ் வந்தால்தான் பிள்ளைப்பேறு

மணலிவிளை,
கொல்லம் 1109 ஆனி.

கிறிஸ்துவுக்குள் பிரியமான மருமகன் தேவகுமார் அவர்களுக்கு, மாமனார் ஆபேல் வாத்தியார் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் இங்கே என் வாதக்காலைத் தவிர எல்லாரும் சுகம். திருவனந்தபுரத்தில் நீங்களும் மகள் ஜெபகுமாரியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நிற்க. இந்த ஊருக்கு பஸ் வந்தால்தான் ஜெபகுமாரியைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்புவேன், மாட்டுவண்டியில் குலுங்க விடமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நியாயந்தான். பஸ் விடலாமா என்று பார்க்க ஒரு எஞ்சினீயரும் வந்தார். ஒரு நாள் ரோட்டில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணி, முப்பதால் பெருக்கினால் மாசக் கணக்காம். பெருக்கல் எனக்குத் தெரியாததா? ஆனால் அந்த மனுஷன் வந்து உட்கார்ந்தது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சபையில் ஓய்வுநாளில் எவன் காளையைப் பூட்டுவான்? பூட்டினால் பாதிரி ஐயர் பிரசங்கத்தில் பேர் சொல்லிக் கிழித்துவிடுவார். ஊரே நடந்து வேதக்கோவிலுக்குப் போயிற்று. ரோட்டில் ஒரு கோழி மட்டும் குறுக்கே போனது. கோழிக்குத் தாளில் கட்டம் இல்லையென்று எஞ்சினீயர் பூச்சியம் போட்டார். பூச்சியத்தை மூவாயிரத்தால் பெருக்கினாலும் பஸ் வருமா?

கையைக் காலைப் பிடித்து, திங்கட்கிழமையும் எண்ணச் சொன்னேன். அதோடு விட்டேனா, சாயங்கால ஜெபத்தில் வண்டி உள்ளவனெல்லாம் நாளைக்கு ரோட்டுக்கு வரணும் என்று சொல்லிப்போட்டேன். பக்கத்துத் தென்னைவிளைக்காரன் தங்கையன் இருக்கிறானே, அந்தச் சவத்துக்கு மூளை அதிகம். தேங்காய் வண்டியை ரோட்டில் ஓட்டி, கோவிலுக்குப் பின்னால் சுற்றி, மறுபடியும் ரோட்டுக்கு வந்தான். வந்துகொண்டே இருந்தான். எஞ்சினீயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்தக் கொம்பொடிந்த காளை இப்போதுதானே போயிற்று என்று கேட்டார்.

"எங்க ஊருல எல்லாக் காளைக்கும் ஒத்தக் கொம்புதாம் எசமான்" என்றான் தங்கையன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பொழுது சாய, பெருக்கிப் பார்த்துவிட்டு, இத்தனை வண்டி ஓடுகிற ஊருக்கு பஸ் எதற்கு என்று சொல்லிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாததால் பஸ் வேண்டாம், திங்கட்கிழமை வண்டி ஓடினதால் பஸ் வேண்டாம். என்ன எழவு கணக்கோ! பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் இப்படிப் போட்டிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

ஆகையால் மருமகனே, நான் தோற்றுப்போனேன். ஜெபகுமாரி அங்கேயே பெறட்டும். உங்கள் மாமி லீலாபாய் இடித்துவைத்த பேறுகால மருந்தைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள். எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் உங்கள் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லை.

கர்த்தர் உங்கள் இருவரையும், வரப்போகிற மூன்றாமவரையும் கண்மணிபோல் காப்பாராக.

இப்படிக்கு,
ஆபேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வாசலில் ஒரு வாடகை மாட்டுவண்டி. வைக்கோல் மேல் ஜெபகுமாரி! நீங்கள் ஆபீசுக்குப் போனதும் புறப்பட்டு, தக்கலை வரை பஸ்ஸில் வந்து, வண்டி பிடித்தாளாம். "பஸ்ஸு வந்த பொறவு வரணுமுன்னா, என் மவளுக்க பேறுகாலத்துக்குத்தான் நான் இஞ்ச வருவேன்" என்கிறாள். குலுக்கல் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிடுகிறாள். தோற்றேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். உங்களோடு இனிப் பேசமாட்டாளாம். ஆனால் சாப்பிடும்போதே ரோட்டில் ஏதாவது சத்தம் கேட்டால், நீங்களா என்று எட்டிப் பார்க்கிறாள்.