மொட்டை மாடியில் மிதந்த படகு

நாங்கள் மாலுமி என்று பட்டப்பெயர் வைத்த எங்கள் நண்பனைப் போலக் கடலுக்குப் பயந்தவன் கேளம்பாக்கத்தில் ஒருவனும் இல்லை. அவனைப் போலப் பாய்மரப் படகு வாங்கத் துடித்தவனும் இல்லை. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினான் என்று கேட்காதீர்கள். அவன் தூங்கவில்லை, ஒரே ஃபிளாட்டில் குடியிருந்த என்னையும் யூசுப்பையும்கூடத் தூங்கவிடவில்லை.

அவனுடையது சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து விவசாயக் குடும்பம். ஏரியைத் தாண்டித் தண்ணீர் பார்க்காத வம்சம். வேலை, கார் கம்பெனியில் பிரேக் பரிசோதனை. கம்பெனிக்குப் பக்கத்திலேயே சொந்த வீடு இருக்க, கடலுக்குக் கிட்டே இருக்கவேண்டும் என்று எங்களோடு தங்கி, பஸ் மாறி மாறி வேலைக்குப் போய்வந்தான். உள்ளேயே சமைத்து, படுத்து, புதுச்சேரி வரை போய்வரத் தோதான சின்னப் படகு ஒன்று வேண்டும். அவ்வளவுதான் கனவு. ஆனால் போனில் பார்த்த ஒவ்வொரு படகிலும் பிரேக்கைத் தேடினான்.

"மச்சான், படகுக்கு பிரேக்கே கெடையாதுடா! இன்னா தகிரியத்துல ஓட்டிக்கினு கீறானுங்க?"

பிரேக் கவலை ஓய்ந்தால், படகு கவிழாமலிருக்க அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டின் கவலை. "தகடு ஆழமா எறங்கினா படகு கவுராது, ஆனா கரைக்கு வர முடியாது. ஆழம் கம்மின்னா கரைக்கு வரும்..."

"கவுந்துகினு வரும். சோத்தத் துன்னுடா," என்பான் யூசுப்.

அளவு பார்க்க ஒருநாள் மொட்டை மாடியில் கோலமாவால் முழுப் படகையும் வரைந்து, எங்களை உள்ளே உட்காரவைத்தான். கோட்டைத் தாண்டினால் கடலில் விழுந்ததாகக் கணக்கு. துணி காயப்போட வந்த மூன்றாம் மாடி அக்கா, நேராக நடுக்கடலில் நடந்து வந்து, எங்கள் தலைக்கு மேலிருந்த கொடியில் போர்வையை விரித்தார். காற்று வந்து அது புடைத்ததுதான் தாமதம், மாலுமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, காத்து ஏறுது! பாய எறக்குங்க!"

"இன்னாடா, வெயில்ல குந்திக்கினு புத்தி கலங்கிப்போச்சா?"

சிரித்தேனே தவிர, எனக்குள் உதறல்தான். இவன் நிஜமாகவே வாங்கிவிட்டால்? தனியாகப் போய் முழுகிவிட்டால்? என்னைக் கூப்பிட்டால் அதைவிட மோசம். எனக்கு ஷேர் ஆட்டோ வளைவில் திரும்பினாலே குமட்டும்.

பயந்தபடியே கோவளத்திலிருந்து தகவல் வந்தது. அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடும் கடைக்காரர் ஒருவர் தன் பாய்மரப் படகை விற்கிறார். சாயங்காலம் வேறு ஆள் வருகிறார். அதற்குள் முடிவு சொல்லவேண்டும்.

மூவரும் ஓடினோம். கடைக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் திசையில் பாயை விரித்தார். மாலுமி கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தைக் கட்டிப்பிடித்தான். நான் விளிம்பைக் கட்டிப்பிடித்து, காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குக் கொடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவன் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொன்றை. பிறகு சிரித்தான்! போச்சு, வாங்கப்போகிறான் என்று மிச்சமிருந்த இட்லியையும் கடலுக்குக் கொடுத்தேன்.

அப்போதுதான் குனிந்து உள்அறைக்குள் போனான். கரையில் இறங்கியதும் கடைக்காரரிடம் சொன்னான்:

"வேணாண்ணே."

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏம்பா, ஓட்டையா கீது? பாய் கிழிஞ்சிகீதா?"

"அல்லாம் சூப்பரா கீதுண்ணே. உள்ள ரெண்டு பேருதான் படுக்கலாம்."

"நீ ஒண்டி ஆளுதானே?"

"நாங்க மூணு பேருண்ணே."

நானும் யூசுப்பும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வருகிறோம் என்று நாங்கள் இருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

சாயங்காலம் படகு வேறு ஆளோடு போனது. நாங்கள் மொட்டை மாடிக்குப் போனோம். மாலுமி மறுபடி வரைந்த கோலமாவுப் படகுக்குள் மூன்று படுக்கைகள். ஓரத்துப் படுக்கையின் தலைமாட்டில் மட்டும் ஒரு வட்டம்.

"இது இன்னாடா?" என்றேன்.

"பக்கெட்டு. உனுக்குதான்."

இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். மாலுமி இன்னும் படகுப் படங்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறான்; எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குறை. நான் எதற்கும் இருக்கட்டும் என்று வாந்தி மாத்திரை ஒரு அட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.