பீலியில கட்டுன வயரும் எங்க லயத்து மானமும்

நேத்து காலையில எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணுதான். அம்ப்ளிஃபயர்ல வர்ற இரைச்சல நிப்பாட்டணும்.

நான் ஹட்டன்ல ஃபோன் திருத்துற கடையில வேல செய்றேன். அதனால கரண்டுல ஓடுற எல்லாமே எனக்கு அத்துப்படின்னு எங்க தேயிலத் தோட்டத்துல ஒரு நெனப்பு. அந்த நெனப்ப நானும் இதுவரைக்கும் மாத்தல.

இதெல்லாம் மாரியம்மன் திருவிழாவுல வந்த வென. எங்க தோட்டத்துல ஒவ்வொரு லயத்துக்கும், அதான் ஒரே கூரையில வரிசையா இருக்குற வீடுகளுக்கு, ஒரு நாள் உபயம். அன்னைக்கு பூச, சாப்பாடு, பாட்டு எல்லாம் அந்த லயத்து பொறுப்பு. மேல் லயத்துக்காரங்க கண்டியிலேருந்து பாட்டுக்குழுவ எறக்குவாங்க. நாங்க கீழ் லயம். போன வருஷம் ஒருத்தர் ஃபோன்ல பக்திப் பாட்டு போட்டு ஒப்பேத்துனோம். நடுவுல அவரு மச்சான்கிட்டேருந்து கோல் வந்து, அம்மன் சந்நிதியில குத்துப்பாட்டு ரிங்டோன் அடிச்சுது.

அதுலேருந்து கொழுந்து நிறுக்குற எடத்துல எங்க பொம்பளைங்கள பாத்தா மேல் லயத்துக்காரங்களுக்கு ஒரே பேச்சுதான். "கோல் வருது, எடுங்க."

இந்த வருஷ கூட்டத்துல எங்க லயத்து தலைவர் முத்தையா அண்ணே, "யாராச்சும் ஏதாச்சும் செய்ங்கப்பா. இந்த தடவையும் மானம் போனா நான் மலைக்கு வேலைக்கே போக ஏலாது"ன்னாரு.

எல்லாரும் தரைய பாத்தாங்க. நான் மட்டும், "எங்கிட்ட ஒரு வாத்தியம் இருக்குண்ணே. தொடாமலே வாசிக்கலாம்"னு சொல்லிட்டேன். பக்கத்துல இருந்த என் பொண்டாட்டி சாந்தி தொடையில கிள்ளுனா. கிள்ளுறதுக்குள்ள வார்த்த வெளிய போயிருச்சு.

அந்த வாத்தியத்துக்கு பேரு தெரமின். இன்டர்நெட்ட பாத்து நானே பிஸ்கட் டின்னுக்குள்ள செஞ்சது. நிமிந்து ஒரு கம்பி நிக்கும். பக்கத்துல வளைஞ்ச கம்பி ஒண்ணு. நிமிந்த கம்பிகிட்ட வலது கைய கொண்டுபோனா சுருதி ஏறும், தள்ளுனா எறங்கும். வளைஞ்ச கம்பிகிட்ட எடது கை, சத்தத்த கூட்டி கொறைக்க. ஒரு ஒடம்பு கிட்ட வந்தா அதுக்கு தெரியும். அது யாரு ஒடம்புன்னு மட்டும் அது பாக்காது.

சரி, நேத்து காலைக்கு வர்றேன். கடையில ஓரமா கெடந்து நான் வீட்டுக்கு கொண்டாந்த பழைய அம்ப்ளிஃபயர்ல தெரமின சொருகி சுவிட்ச போட்டேன்.

"ங்ங்ங்ங்ங்."

அடுப்படியிலேருந்து சாந்தி, "என்னங்க, பாட்டு ஆரம்பிச்சிருச்சா?"ன்னா.

"இது பாட்டு இல்ல. இரைச்சல்."

"அப்ப பாட்டு இத விட நல்லா இருக்குமா?"

வயர மாத்துனேன், நிக்கல. சாமான எடம் மாத்தி வச்சேன், நிக்கல. ஒரு நட்ட முறுக்குனேன், இரைச்சல் பாதியா கொறைஞ்சுது. சந்தோஷமா திரும்பி பாத்தா, சாந்தி வால்யூம கொறைச்சிட்டு நிக்கிறா.

கடைசியில புரிஞ்சுது. எர்த்து இல்ல. எங்க லயத்துல எர்த்து எங்க இருக்குன்னு வயரிங் செஞ்ச மனுசனுக்கே தெரியாது.

எங்க வாசலுக்கு நேர எதிர்ல பீலி இருக்கு. மொத்த லயமும் அதுலதான் தண்ணி புடிக்குது. இரும்புக் குழாய். மலைக்குள்ளேருந்து வருது, இத விட நல்ல எர்த்து ஏதுன்னு ஒரு வயர இழுத்து பீலியில சுத்திக் கட்டுனேன். இரைச்சல் அப்படியே அடங்கிருச்சு. சாந்தி முன்னாடி கொஞ்ச நேரம் நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தேன்.

அம்மன் பாட்ட ஆரம்பிச்சேன். மொத வரி சுத்தமா வந்துச்சு. ரெண்டாவது வரி நடுவுல, கைய அசைக்கவேயில்ல, "ஊஊஊய்"னு எங்கயோ போயிருச்சு.

மறுபடி ஆரம்பிச்சேன். மறுபடி "ஊஊஊய்".

அம்ப்ளிஃபயர்லதான் கோளாறுன்னு முடிவு பண்ணி கழட்டுனேன். சந்தேகப்பட்ட ஒரு கெப்பாசிட்டர மாத்துனேன். சந்தேகமே படாத ஒண்ணையும் சேத்து மாத்துனேன். வெரல சுட்டுக்கிட்டேன். மூடி போட்டு வாசிச்சா, "ஊஊஊய்". இப்ப வெளியிலேருந்து சிரிப்பு சத்தமும் சேந்து வருது.

எட்டிப் பாத்தேன். பீலியில லெச்சுமி அக்கா நிக்கிறாங்க. எங்க லயத்துல வாய்க்கு பேர் போனவங்க. பின்னாடி வாளியோட ஒரு வரிச. லெச்சுமி அக்கா பீலிய புடிச்சா எங்க வீட்டுக்குள்ள "ஊஊய்". விட்டா அடங்குது. திரும்ப புடிக்கிறாங்க, "ஊஊய்". பின்னாடி நிக்கிற பொம்பளைங்க, "அக்கா, நாங்களும் ஒருக்கா"ன்னு தள்ளுமுள்ளு.

"தம்பி, தண்ணி புடிக்க வந்தா பீலி அழுவுது. என்னன்னு கேளுங்க"ன்னாங்க.

"எவ்வளவு நேரமா அக்கா இப்படி?"

"நீங்க மொத பாட்டு பாடுனதுலேருந்து. நல்லாத்தான் இருந்துச்சு, நாங்க ஒண்ணும் சொல்லல."

அப்பதான் எனக்கு மண்டையில ஏறுச்சு. பீலியில வெளிய தெரியிற ஒரு முழம்தான் இரும்பு. அதுக்கு அங்கிட்டு ஊத்து வரைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் குழாய். மண்ணோட அதுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. நான் எர்த்து கட்டல, தெரமினுக்கு இன்னொரு கை வச்சு விட்டிருக்கேன். லயமே அதுல வாசிச்சிருக்கு. அந்த பிளாஸ்டிக் குழாய பொதைக்க லயமே கூடி சிரமதானம் வச்சப்போ மண்ணு வெட்டுனதுல நானும் ஒருத்தன்.

வயர அவுத்தேன். குழி தோண்டுற இரும்பு அலவாங்க எடுத்து ஈர மண்ணுல அடிச்சு எறக்கி, அதுல வயர கட்டுனேன். இரைச்சலும் இல்ல, ஊளையும் இல்ல. பாட்டு மொதல்லேருந்து கடைசி வரைக்கும் வந்துச்சு. முத்தையா அண்ணே வாசல்ல நின்னு கேட்டுட்டு, "இந்த தடவ அவனுங்க வாய மூடணும் தம்பி. ஒன்னத்தான் நம்பியிருக்கேன்"னு என் கைய புடிச்சாரு. எனக்கு பெருமையா இருந்துச்சு.

சாயங்காலம் எங்க உபயத்துக்கு கோயிலுக்கு போனோம். ஸ்பீக்கர் செட்டுக்கு டவுன்லேருந்து ஃபாரூக் நானா வந்திருந்தாரு. வருஷா வருஷம் அவருதான். என் பொட்டிய சுத்தி சுத்தி பாத்தாரு.

"இத எங்க தம்பி தொடுற?"

"தொடக் கூடாது நானா."

"அப்ப பழுதாக சான்ஸ் இல்ல. நல்ல சாமான்"னு வயர சொருகுனாரு.

"ங்ங்ங்ங்ங்." இந்த தடவ கோயில சுத்தி கட்டுன எல்லா ஹோர்ன்லயும். தேயிலைக்குள்ள படுத்திருந்த நாயெல்லாம் எந்திரிச்சு ஓடுச்சு.

எனக்கு பயமில்ல. மருந்து கையில இருக்கு. அலவாங்க எடுத்துக்கிட்டு மண்ண தேடுனேன். மண்ணக் காணோம். கோயில் முத்தம் முழுக்க புதுசா சிமெண்ட் போட்டிருக்கு. நடுவுல "மேல் லயம் உபயம்"னு எழுதி வேற வச்சிருக்காங்க. அலவாங்கோட அந்த எழுத்து மேல நின்ன என்னைய மேல் லயத்துக்காரங்க பாத்த பார்வ இருக்கே, அத சொல்ல வேணாம்.

"பூச தொடங்கப் போவுது தம்பி. அந்தா கம்பி இருக்கே, அதுல கட்டு"ன்னாரு ஃபாரூக் நானா.

சந்நிதிக்கு முன்னால சனம் முட்டாம இருக்க அந்த சிமெண்ட் மேல நீளமா இரும்புக் கம்பி போட்டிருக்காங்க. ஓடிப்போயி அதுல கட்டுனேன். இரைச்சல் நின்னுச்சு. காலையில நடந்தது ஞாபகம் வரலையான்னு நீங்க கேப்பீங்க. சாந்தியும் அததான் கேட்டா. வரலங்க.

வாசிக்க ஆரம்பிச்சேன். மொத வரி அருமை. சனம் வாய பொளந்துச்சு. தொடாம வாசிக்கிறத பக்கத்துல பாக்கணும்னு எல்லாரும் முன்னால வந்து கம்பியில சாஞ்சாங்க.

பாட்டு பள்ளத்துல விழுந்துச்சு.

ஒருத்தர் கைய எடுத்தாரு, ஏறுச்சு. ஒரு அக்கா புள்ளைய இடுப்பு மாத்திட்டு கம்பிய புடிச்சாங்க, எறங்குச்சு. பூனைய வால புடிச்சு தூக்குன மாதிரி ஒரு சத்தம். முத்தையா அண்ணே பதட்டத்துல கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சிருக்காரு. அவரு கை நடுங்க நடுங்க அம்மன் பாட்டும் நடுங்குது. மேல் லயத்துல ஒருத்தன் காதுல கைய வச்சு, "கோல் வருது"ன்னு செஞ்சு காட்டுனான். எனக்கு அழுகையே வந்துருச்சு.

"அண்ணே, கம்பிய விடுங்க"ன்னேன். ஹோர்ன் சத்தத்துல அவருக்கு கேக்கல. தைரியமா இருக்க சொல்றேன்னு நெனச்சு இன்னும் இறுக்கி புடிச்சாரு.

அந்த நேரம் பாத்து மணி அடிச்சுது. தெர தெறந்துச்சு. தீபாராதன.

மொத்த சனமும் கம்பிய விட்டுட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி கும்பிட்டுச்சு.

சத்தம் கீழேருந்து கெளம்பி ஒரே நேரா மேல ஏறுச்சு. ஏறி, அங்கேயே நின்னுச்சு. சுத்தமா, ஒரு பிசிறு இல்லாம, மலை முழுக்க. தீபம் சுத்துற வரைக்கும் சனமும் அசையல, பயத்துல நானும் அசையல. எனக்கே ஒடம்பு சிலுத்துச்சு. தீபம் எறங்குச்சு. சனம் கைய எறக்கி ஒவ்வொருத்தரா கம்பிய புடிக்க, சத்தம் மெதுவா, பதனமா எறங்கி அடங்குச்சு.

அப்புறம் பாத்தா, "கோல் வருது"ன்னு காட்டுனவனுக்கு அருள் வந்து ஆடுறான். அவனுக்கு வேப்பிலையும் மஞ்சத்தண்ணியும் கொண்டு ஓடுனது எங்க லெச்சுமி அக்காதான்.

பூச முடிஞ்சதும் மேல் லயத்து தலைவரே எங்கிட்ட வந்து, "அந்த கடைசி சத்தத்த எப்படிங்க புடிச்சீங்க?"ன்னாரு.

"எல்லாம் பழக்கம்தாங்க"ன்னேன். சாந்தி இருமுனா.

முத்தையா அண்ணே கண்ண தொடச்சுக்கிட்டு வந்து என்னைய கட்டிப் புடிச்சாரு.

"அடுத்த வருஷமும் நீதான் தம்பி. பாட்டு மட்டும் வேணாம்."