ஹெர் ஸ்பிண்டன் வகுத்த ஞாயிறு உலா

புதிய ஊரைச் சுற்றிப் பார்த்து மகிழும் கலை மனிதகுலத்துக்கு ஹெர் ஸ்பிண்டன் அவர்களால்தான் அருளப்பட்டது. எண்பத்தாறாம் ஆண்டு வைகாசியில், சுவிஸின் பேர்ண் நகரத்தை அடுத்த ஓஸ்டர்முண்டிகனில், ஒரு தேவாலய மண்டபத்தில் அந்த மகத்தான சம்பவம் நிகழ்ந்தது. அதற்கு முன்னர் மனிதர்கள் புது ஊர்களில் வெறுமனே வழி தவறிக்கொண்டிருந்தார்கள். நானே அப்படித் தவறியவன்.

ஹெர் ஸ்பிண்டன், தமிழில் சொன்னால் திருவாளர் ஸ்பிண்டன், தண்ணீர்க் குழாய் போடும் பொறியியலாளர். டார் எஸ் ஸலாமில் இரண்டு வருடம் வேலை பார்த்துத் திரும்பியிருந்தார். "ஆபிரிக்க நகரில் என் வார இறுதிகள்" என்று படம் காட்டிப் பேசுவதாக ஏற்பாடு. அகதி மனுக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த எங்களையும் 'கலாசாரப் பரிமாற்றம்' கருதி அழைத்திருந்தார்கள். ஆபிரிக்காவைப் பற்றிய கூட்டத்துக்கு யாழ்ப்பாணத்தார் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இரண்டும் வெயில் ஊர்தானே.

எனக்கு ஜெர்மன் தெரியும் என்ற வதந்தி காரணமாக மொழிபெயர்ப்பாளர் பதவி என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு பக்கத்தில் சண்முகலிங்கம் அண்ணை. ஊரில் தபாலதிபராக இருந்தவர், எதையும் சட்டப்படி செய்பவர். மறுபக்கத்தில் யோகராஜா, கேள்வி கேட்கும் கெட்ட பழக்கம் உள்ளவன். மூவரும் ஒரே அறைவாசிகள்.

படங்கள் ஓடின. ஹெர் ஸ்பிண்டன் சனிக்கிழமை காலையில் ஒரு திட்டமும் இல்லாமல் வெளிக்கிடுவாராம். கால் போன பக்கம் போவாராம். திறந்த படலையைக் கண்டால் உள்ளே நுழைவாராம்.

"இந்த வீட்டுக்காரரை எனக்கு முன்பின் தெரியாது. முற்றத்தில் போய் நின்றேன். கதிரை போட்டு, மாம்பழம் வெட்டித் தந்தார்கள்!" என்றார்.

"அவை பொலிசைக் கூப்பிடேல்லையோ எண்டு கேளுங்கோ," என்றான் யோகராஜா.

கேட்டேன். மண்டபமே சிரித்தது.

"பொலிஸ் எதற்கு? நான் விருந்தாளியல்லவா! ஒரு நகரத்தை அறிய வேண்டுமென்றால், நண்பர்களே, பயத்தை வீட்டில் வைத்துவிட்டு நடக்க வேண்டும்."

இதை நான் மொழிபெயர்த்தபோது அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நான் ரோட்டிலை சும்மா நடந்து எவ்வளவு காலம் எண்டு தெரியுமோ? ஊரிலை ஆமிக்காரன்ரை ட்ரக் வருதோ எண்டு பாத்துப் பாத்துத்தான் நடை. இஞ்சை பஸ் தரிப்பிடத்துக்குப் போறன், வாறன். அவ்வளவுதான். வாற ஞாயிறு நாங்களும் போவம்."

"எங்கை அண்ணை?"

"எங்கையும் இல்லை. அதுதானே விசயம்."

ஞாயிறு வந்தது. அண்ணை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டார். கால் போன பக்கம் போனோம். அது மேட்டுத் தெருப் பக்கம் போயிற்று. அழகான வீடுகள், அளந்து வெட்டிய வேலிகள். நாங்கள் மெதுவாக நடந்தோம். ஒரு சன்னலில் திரை அசைந்தது. பிறகு அடுத்த வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும். தெருவே எழுந்து நின்று அணிவகுப்பு மரியாதை செய்தது போலிருந்தது.

ஒரு படலை திறந்திருந்தது. உள்ளே தோட்டத்தில் ஒரு கணவனும் மனைவியும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணை சாஸ்திரப்படி உள்ளே போனார். வணக்கம் சொன்னார். புன்னகைத்தபடி கதிரைக்காகக் காத்து நின்றார்.

"என்ன தேடுகிறீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒன்றுமில்லை," என்றார் அண்ணை, தனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் சொல்லில்.

வேலை தேடுபவனையும் வீடு தேடுபவனையும் இந்நாடு பொறுத்துக்கொள்ளும். ஒன்றுமே தேடாதவனை எந்தச் சட்டத்தின் கீழ் பொறுப்பது? கணவர் எழுந்து வீட்டுக்குள் போனார்.

"கதிரை எடுக்கப் போறார்," என்றார் அண்ணை.

அவர் தொலைபேசியை எடுக்கப் போயிருந்தார். வந்த பொலிஸ்காரர் இளைஞர், மிகுந்த பண்பாளர். எங்களைக் காரில் ஏற்றும்போது தலை இடிபடாமல் கையை வைத்துக் காப்பாற்றினார். ஆனால் சீருடையைக் கண்டதும் அண்ணை கழுத்துப்பட்டியைப் பற்றிக்கொண்டார். அதை அவிழ்க்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"மனுவிலை ஏதும் பிழை வருமோ தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

பொலிஸ் நிலையத்தில் நான் எங்கள் குருநாதர் ஹெர் ஸ்பிண்டனின் பெயரைச் சொன்னேன். அவர் கம்பளிச் சட்டையோடு ஓடி வந்தார். "இவர்கள் தீங்கில்லாத மனிதர்கள்," என்று சான்று பகர்ந்தார். எங்களை விட்டுவிட்டார்கள். அவரே தன் காரில் ஏற்றிக்கொண்டார்.

வழியில் யோகராஜா கேட்டான்: "ஐயாவின்ரை வீடு கிட்டத்தானாம். இப்ப அங்கை ஒருக்கா எட்டிப் பாப்பமோ எண்டு கேளுங்கோ."

ஹெர் ஸ்பிண்டன் முகம் மலர்ந்தார். "கட்டாயம்! முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு வாருங்கள். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பார்க்கலாம்."

அதற்குள் மாங்காயாவது பழுக்க அவகாசம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஞாயிறுகளில் நாங்கள் அறையைவிட்டு இறங்கவில்லை. கோழிக்கறி வைத்தோம். புகை போகக் கதவைத் திறந்து விடுவோம். அப்படி ஒருநாள் வாசலில் ஒரு புது முகம். மேல்மாடிக்கு அந்தக் கிழமைதான் வந்தவர், ஆபிரிக்காவின் கின்ஷாசாக்காரர். கஞ்சி போட்டுத் தேய்த்த சேட்டு. கையை நீட்டித் தன் பெயரைச் சொன்னார். கட்டடத்தைச் சும்மா சுற்றிப் பார்ப்பதாகவும், கறி மணம் இங்கே கூட்டி வந்துவிட்டதாகவும் அரைகுறை ஜெர்மனில் சொல்லிச் சிரித்தார்.

யோகராஜா என்னைப் பார்த்தான். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை எழுந்து போய், மிகுந்த பண்போடு, சத்தமே இல்லாமல் கதவைச் சாத்தினார். சங்கிலியையும் கொழுவினார்.

"ஆரெண்டே தெரியாது, தம்பி. நாங்கள்தான் கவனமா இருக்கவேணும்."

காலடிகள் படியேறி மறையும்வரை கறியைக்கூடக் கிண்டாமல் நின்றோம்.

எங்கள் மனுக்களுக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஏன் இந்தத் தாமதம் என்றுதான் விளங்கவில்லை. நாங்கள் இந்த நாட்டுக்காரராகி எவ்வளவோ நாளாகிவிட்டதே!