குணாளனா என்று கேட்டது நான்தான்

கோலா கெத்தில்

அன்புள்ள மருமகன் குணாளனுக்கு, தாய்மாமன் முருகையா ஆசி கூறி எழுதுவது. இங்கு கோலா கெத்திலில் நானும் உன் அத்தை பிரேமாவதியும் நலம். கூலிமில் நீயும் உன் அம்மா வாசுகியும் தங்கை ஷீலாவும் நலம்தானே? போன் இருக்கும்போது மாமா ஏன் தபால்தலை வாங்குகிறார் என்று சிரிப்பாய். போனில் பேசுவது நீதானா என்று எனக்குத் தெரிவதில்லை. நான் கூப்பிட்டால் நீ எடுப்பதும் இல்லை.

போன மாதம் ஏதோ ஒரு நம்பரிலிருந்து ஒருவன், "மாமா, என்னைத் தெரியலையா?" என்றான். மாமா என்று கூப்பிட்டவனை யார் நீ என்று நம் சனத்தில் கேட்டுவிட முடியுமா? ஒரு கல்யாண வீட்டில் அப்படிக் கேட்டதற்கு உன் அத்தையின் சித்தப்பா மகன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அந்தப் பயத்தில், "ஐயோ, குணாளனா?" என்று பெயரை நானே எடுத்துக் கொடுத்தேன். "ஆமா மாமா, குணாதான்!" என்றான். அதன்பிறகு தினமும் கூப்பிட்டான். மூட்டுவலி எப்படி என்பான், மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதீங்க என்பான். கோபித்துக்கொள்ளாதே, நீ என்னிடம் இவ்வளவு அக்கறையாகப் பேசி வெகுகாலமாயிற்று. "பையன் திருந்திட்டான் லா" என்று அத்தையிடம் பெருமையடித்தேன். அப்புறம் ஒருநாள் அழுதுகொண்டே, "மாமா, மோட்டார்ல ஒருத்தர மோதிட்டேன். இப்பவே டூயிட் அனுப்பலன்னா அந்தாளு என்னை விடமாட்டாரு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று பணம் கேட்டான். பெற்ற தாயை விட்டு என்னை நம்புகிறானே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பேங்குக்கு ஓடினேன். பின்னாலேயே வந்த அத்தை சத்தமில்லாமல் உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். நீ நைட் ஷிப்ட் முடிந்து வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாயாம். பணம் தப்பியது. கவுண்டரில் இருந்த பெண், "அங்கிள், அவசரப்படுத்தினாலோ யாருக்கும் சொல்லாதீங்கன்னாலோ உடனே போனை வச்சிருங்க. உங்ககிட்ட இருக்கற பழைய நம்பருக்கு நீங்களே அடிச்சுக் கேளுங்க" என்றாள்.

அதை அப்படியே பிடித்துக்கொண்டது அடுத்த வினை. போன வாரம் நீ நிஜமாகவே கூப்பிட்டு, "மாமா, குணா பேசறேன், இது என் புது நம்பர். ஷீலாவுக்கு நிச்சயம் வச்சிருக்கோம், நீங்கதான் முன்ன நின்னு தட்டு மாத்தணும்" என்றாய். சட்டென்று வைத்துவிட்டுப் பழைய நம்பருக்கு அடித்தேன். அது பயன்பாட்டில் இல்லை என்றது. வசமாக மாட்டினான் திருடன் என்று உன்னைத் திரும்பக் கூப்பிட்டு உன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். அதில் பாதி என் பரம்பரை என்பது பிறகுதான் உறைத்தது. பழைய போன் சிம்மோடு மழையில் நனைந்து கெட்டுப்போனதை உன் அம்மா சொன்னாள். அவளிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

திருடனிடம் கொஞ்சினேன், உன்னைத் திருடன் என்றேன். வெட்கமாக இருக்கிறது. பேங்க் பெண் சொன்னது சரிதான், ஆனால் அது மட்டும் போதாது, குணா. யாராவது கூப்பிடமாட்டார்களா என்று காத்துக்கிடக்கிற காதுக்கு எந்தக் குரலும் இனிக்கும். என் வயதுக்காரர்கள் பலர் இப்படித்தான் ஏமாறுகிறோம் என்று நினைக்கிறேன். என்மேல் உள்ள கோபத்தில் ஷீலாவின் நிச்சயத்தில் வேறு யாரையும் என் இடத்தில் நிறுத்திவிடாதே. அதை என்னால் தாங்க முடியாது.

இனி நம் குடும்பத்துக்கு ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாதவன் என் சொந்தத் தம்பியானாலும் போனை வைத்துவிடுவேன். அதைக் கடிதத்தில் எழுதமாட்டேன். நேரில் வா, காதில் சொல்கிறேன். உனக்கும் ஷீலாவுக்கும் எல்லா நலமும் கிடைக்க மாரியம்மனை வேண்டிக்கொள்ளும்,

உன் மாமன்
முருகையா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் நீ கூப்பிட்டாய். ரகசியச் சொல் என்ன என்று கறாராகக் கேட்டேன். "மறந்துட்டேன் மாமா" என்றாய். நான்தான் உனக்கு இன்னும் சொல்லவே இல்லையே, பாவம் உனக்கு எப்படித் தெரியும் என்று நானே சொல்லிவிட்டு, அன்று திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். கோபமெல்லாம் போயிருச்சு மாமா என்றாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது குணாவின் புது நம்பரும் இல்லையே என்கிறாள் போனை எட்டிப் பார்த்த அத்தை. குணா, அது நீதானே?